தோரணம் கட்டிய வீடு

(பாசிர் கூடாங்கில் ஒரு கோயில் மண்டபத்தில், பெற்றோரும் தமிழாசிரியர்களும் கூடியிருந்த மாலையில் ஆற்றிய உரை)



ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்தவர்கள் சிலர் பின்வரிசையில் இருக்கிறீர்கள். சட்டையில் கம்பெனிப் பேர் தெரிகிறது. அதனால் நீட்டி முழக்காமல் பேசப் பார்க்கிறேன். முப்பது வருஷம் வகுப்பில் பேசிய வாய். கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் எழுதிப் பழகும் கட்டுரைகளில் தன்கதை என்று ஒன்று உண்டு. நீங்களும் எழுதியிருப்பீர்கள். நான் ஒரு குடை. நான் ஒரு காலணி. நான் ஒரு மிதிவண்டி. தொழிற்சாலையில் பிறந்தேன், கடையில் தொங்கினேன், ஒரு நல்லவர் என்னை வாங்கினார், இப்போது குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் வடிக்கிறேன். எத்தனை குடைகளின் கண்ணீரைச் சிவப்பு மையால் திருத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. குடைக்குத் தன்கதை எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தன் கதையை எழுத வரவில்லை. அதைவிடச் சங்கடம், இன்னொரு மனிதர் எழுதிய தன்கதையைப் படிக்கவும் வரவில்லை. படிவம் நான்கில் இருக்கும் பையனிடம் ஒரு தன்வரலாற்று நூலைக் கொடுத்தால், முதல் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் கேட்கிறான்: "சார், இதுல படிப்பினை என்ன?"

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாம் பழக்கியதுதான். கருப்பொருள், துணைக்கருப்பொருள், பாத்திரப்படைப்பு, உத்திமுறை, படிப்பினை என்று பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். நன்னெறிக் கல்வியில் பண்புகளின் பட்டியல் வேறு இருக்கிறது. கதையில் வருகிறவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து அன்புடைமையையும் பொறுப்புடைமையையும் கறந்துவிடுவான். தேர்வுக்கு அது வேண்டியிருக்கிறது, சரி. ஆனால் ஒருவர் தன் குடும்பத்தையும் தான் கும்பிட்ட சாமியையும் பற்றி மனம்விட்டு எழுதிய புத்தகத்தை அப்படிக் கறந்தால், கிண்ணத்தில் தண்ணீர்தான் இருக்கும்.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்க வேண்டுமானால் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டும். அந்தப் பதினைந்தைத் திரட்ட அலைந்த கதையை இங்கே இருக்கும் ஆசிரியர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். என் சனிக்கிழமை வகுப்புக்கு எண்ணிக்கைக் கவலை இல்லை. பதினொரு பேர் வருகிறார்கள். மாசாயிலிருந்து சிலர், இங்கே தாமான்களிலிருந்து சிலர். இந்துக் குடும்பங்களே அதிகம். இரண்டு பேர் கத்தோலிக்கர், ஒரு பெண் தமிழ் முஸ்லிம். இந்தக் கலவையை வைத்துக்கொண்டு சமயம் பேசும் புத்தகம் படிக்கலாமா, வம்பாகிவிடாதா என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். எனக்கும் பயம் இருந்தது. இருந்தாலும் தொடங்கினேன். முதலில் கையில் எடுத்தது உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரம்.

அவருக்கு எண்பத்தைந்து வயது நெருங்கும்போது, 1940 ஜனவரியில், ஆனந்த விகடனில் அதைத் தொடராக எழுதத் தொடங்கினார். 122 அத்தியாயங்கள் வந்தன. 1942 ஏப்ரல் 28 அன்று அவர் காலமானார். கதை பாதியிலேயே நிற்கிறது. 1899 வாக்கில் நின்றுவிடுகிறது. புத்தகமாக வந்தது 1950இல். முழுவதையும் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள். எட்டு அல்லது பத்து அத்தியாயம் போதும். நான் முதலில் பேராசைப்பட்டு முப்பது கொடுத்தேன். மூன்றாவது வாரம் நாலு பேர்தான் வந்தார்கள்.

தொடக்கத்தில் கொடுக்க வேண்டியது அவருடைய பெயர் விஷயம். அவருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் கூப்பிட்ட பெயர் சாமிநாதன், அது சுருங்கிச் சாமா. சாமிநாதன் என்பது சுவாமிமலை முருகன். பிறகு மாயூரத்தில் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிக்கப் போனபோது, பிள்ளை வேங்கடராமனை விட்டுவிட்டுச் சாமிநாதனைப் பிடித்துக்கொண்டார். உலகத்துக்கும் அதுவே நிலைத்தது. பெருமாள் பெயர் ஒன்று, முருகன் பெயர் ஒன்று. அப்பா அம்மாவின் ஆசை ஒன்று, ஆசிரியரின் விருப்பம் ஒன்று. ஒரு பெயருக்குள்ளேயே குடும்பமும் சமயமும் குருவும் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு, அடையாளக் கார்டில் உள்ள பெயருக்கும் வீட்டில் கூப்பிடும் பெயருக்கும் காரணம் கேட்டு வரச் சொன்னேன். அடுத்த வாரம் பதினொரு பேரும் வந்தார்கள். ஒருத்திக்கு வீட்டுப் பெயர் குட்டச்சி. காரணத்தைச் சொல்ல மாட்டேன் என்றாள், விட்டுவிட்டேன்.

அப்பாவைப் பற்றிய பகுதிகள் நம் பெற்றோர் படிக்க வேண்டியவை. வேங்கட சுப்பையர் சங்கீதக்காரர். கனம் கிருஷ்ணையரின் மாணவர். இராமாயணப் பிரசங்கம் செய்து, அருணாசலக் கவிராயரின் கீர்த்தனங்களைப் பாடி, ஊர் ஊராகப் பிழைத்தவர். கையில் காசு நிற்காது. மகனும் சங்கீதம் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்: இங்கிலீஷ் படித்தால் இந்த உலகத்துக்கு நல்லது, சமஸ்கிருதம் படித்தால் மறு உலகத்துக்கு நல்லது. பையன் தமிழ்தான் படிப்பேன் என்கிறான். தமிழால் எந்த உலகத்தில் சோறு கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா ஒத்துக்கொண்டு தானே கூட்டிப்போய் விடுகிறார். நம் வீடுகளில் கணக்கியலா இயற்பியலா என்று நடக்கும் பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள். "எங்க அப்பா வேற மாதிரி சார்" என்றான் ஒருவன். எப்படி வேறு மாதிரி என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். எழுதி முடித்தபோது அப்பா அவ்வளவு வேறு மாதிரி இல்லை.

இங்கே ஒரு சிக்கல் வரும். பதினாறு வயதுப் பையன் பேசுவதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். எழுதுகிறவர் எண்பத்தைந்து வயதுக் கிழவர். அந்தப் பையன் பார்த்ததை இந்தக் கிழவர் நினைவில் தேடி எடுத்து, சிலவற்றை மினுக்கி, சிலவற்றை ஒளித்து எழுதுகிறார். தன்வரலாற்றில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள். இதை விளக்க நான் பலகையில் படம் எல்லாம் போட்டுப் பார்த்தேன், ஏறவில்லை. கடைசியில் நம் ஊர்தான் கைகொடுத்தது.

2019 மார்ச். சுங்கை கிம் கிம். ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகளை மூடினார்கள். இங்கே இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்லத் தேவையில்லை. இப்போது படிவம் நான்கிலும் ஐந்திலும் இருப்பவர்கள் அப்போது மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகள். அவர்களிடம் சொன்னேன்: அந்த நாளை எழுதுங்கள். ஒன்பது வயதில் நீங்கள் கண்டது, கேட்டது, மோந்தது மட்டும்தான் வரவேண்டும். மாசு, இரசாயனம், சுற்றுச்சூழல் ஆகிய மூன்று சொற்களுக்கும் தடை. அவை பிறகு கற்றுக்கொண்ட சொற்கள்.

வந்த பக்கங்களை இன்னும் வைத்திருக்கிறேன். பாட்டி நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டு, அதற்குப் பிறகுதான் முகக்கவசம் மாட்டிவிட்டார் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். குளுவாங்கில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கார் போய்க்கொண்டிருக்கிறது. அம்மா முன்சீட்டில் செபமாலை சொல்கிறார், அப்பா போனில் யாரோடோ சண்டை போடுகிறார். சண்டை நிற்கும்போது செபம் சத்தமாகிறது, செபம் நிற்கும்போது சண்டை சத்தமாகிறது. இது ஒரு பையன் எழுதியது. இன்னொருவன், பள்ளிக்கூடம் மூடியதில் தனக்கு ஒரே சந்தோஷம் என்று மட்டும் எழுதிவிட்டு, கீழே சின்ன எழுத்தில், பக்கத்து மேசைப் பையன் ஆஸ்பத்திரியில் இருந்தது அப்போது தனக்குத் தெரியாது என்று சேர்த்திருந்தான்.

அந்தச் சின்ன எழுத்தைக் காட்டிச் சொன்னேன்: இதோ இரண்டாவது ஆள் வந்துவிட்டான். மேலே எழுதியவனுக்கு ஒன்பது வயது, கீழே எழுதியவனுக்குப் பதினாறு. பலகைப் படத்தால் ஆகாதது அன்றைக்கு ஆயிற்று.

இந்த இடத்தில்தான் பாமாவின் கருக்கு வகுப்புக்குள் வந்தது. 1992இல் வெளிவந்த நூல். தமிழ்நாட்டில் ஒரு தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பெண், படித்து, ஆசிரியராகி, கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்யப் போகிறோம் என்று நம்பி, அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே பள்ளி நடப்பதைக் கண்டு, ஏழு ஆண்டுக்குப் பிறகு வெளியே வந்த கதை. பேச்சுத் தமிழில் எழுதியது. முதல் அரை மணி நேரம் பிள்ளைகளுக்கு அந்த வட்டார வழக்கு தடுக்கும். சத்தமாக வாசித்தால் வழிவிடும். எங்கள் வகுப்பில் தோட்டத்துப் பாட்டியிடம் வளர்ந்த ஒருத்திதான் வாசித்தாள். அவள் வாயில் அது அச்சுப்பிசகாமல் உட்கார்ந்தது. பள்ளியில் அவளைத் தமிழ் சரியாகப் பேசவராத பிள்ளை என்று சொல்லி வந்தார்கள்.

அதில் ஒரு காட்சி. சின்னப் பெண்ணாக இருக்கும்போது தெருவில் தங்கள் ஆள் ஒருவர், வயதில் பெரியவர், பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் ஏன் அப்படித் தூக்கிக்கொண்டு போனார் என்று விளக்குகிறார். அத்தோடு அவள் சிரிப்பு போய்விடுகிறது. இந்தக் காட்சியைக் கொடுக்கும்போது அண்ணன் பேசும் பகுதியை நான் மறைத்துவிடுவேன். முதலில் பிள்ளைகளும் சிரிக்கட்டும். சிரித்த பிறகு அடுத்த பக்கத்தைக் கொடுங்கள். முன்னாலேயே சாதி, தீண்டாமை என்று முன்னுரை சொல்லிவிட்டால் அவர்கள் தலையாட்டிவிட்டுக் குறிப்பு எழுதிக்கொள்வார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்தது அவர்களுக்கு நடக்காது.

இப்போது நண்பர்கள் பயமுறுத்திய இடத்துக்கு வருகிறேன். ஒருவருடைய நம்பிக்கையைப் பற்றிய புத்தகத்தை, வேறு நம்பிக்கை உள்ள பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது? எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் பேச்சு நகராது.

வேறு வழி என் சரித்திரத்திலேயே கிடைத்தது. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அந்த ஆண்டு அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று இவர் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா? இல்லை. சைவ மடத்தின் நிழலில் வளர்ந்த பெரிய படிப்பாளிக்குச் சமண காவியம் ஒன்று இருப்பது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. ஏட்டை வாங்கிப் பிரித்தால் பல இடங்கள் விளங்கவில்லை. தமிழ் தெரிகிறது, சமணம் தெரியவில்லை.

என்ன செய்தார்? கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப்போனார். சந்திரநாத செட்டியார் என்பவரோடு பழக்கமாயிற்று. ஒருநாள் சமணர் வீட்டுக்குப் போகும்போது வாசலில் மாக்கோலம், தோரணம். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்கிறார். சிந்தாமணி படித்து முடித்தோம், அதற்காக, என்கிறார்கள். இவர் எந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விளங்காமல் தவிக்கிறாரோ அதை ஒரு வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து படித்து, முடிந்த நாளைத் திருநாளாகக் கொண்டாடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வீடுகளுக்கு மாணவன்போலப் போய்ச் சந்தேகம் கேட்டார். 1887இல் அவர் பதிப்பித்த சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு மணிமேகலைக்காகப் பௌத்தம் தெரிந்துகொள்ள வேண்டி வந்தபோது, கூடப் பணிபுரிந்த ரங்காசாரியரிடம் கேட்டுக் கற்றார். அது 1898இல் வந்தது. கடைசிவரை அவர் திருநீறு பூசிய சைவராகவே இருந்தார் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் பெற்றோர் சிலருக்குத் தூக்கம் வரும்.

எனக்குப் பாடமுறை என்று ஏதாவது இருந்தால் அந்தத் தோரணம் கட்டிய வீடுதான். கருக்கில் வரும் பூசை, பாவசங்கீர்த்தனம், புதுநன்மை எல்லாவற்றையும் அகராதி பார்த்து நான் விளக்குவதில்லை. வகுப்பில் இருக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுவந்து சொல்கிறார்கள். சொல்லத் தெரியாமல் திணறினால் அம்மாவையே கூட்டிவருகிறார்கள். ஒரு சனிக்கிழமை அப்படி வந்த தாய், புதுநன்மைக்குத் தன் அம்மா தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போய், பாதியில் பேச முடியாமல் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் யாரும் குறிப்பு எழுதவில்லை. வந்த வருகைகளில் நன்றாக அமைந்தது அதுதான். எல்லா வாரமும் அப்படி அமையாது. ஒரு தந்தை வந்து நாற்பது நிமிஷம் உபதேசம் செய்துவிட்டுப் போன கதையும் உண்டு.

கேட்கக்கூடாத கேள்வியும் வரும். நல்ல வகுப்பானால் கட்டாயம் வரும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரி 1 அன்று இறந்தார். அந்தக் கடைசி நேரத்தை ஐயர் எழுதியிருக்கிறார். திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை இவர் படிக்கிறார். பெரும் சைவப் புலவரான பிள்ளை, சவேரிநாத பிள்ளை என்ற மாணவரின் மார்பில் சாய்ந்திருக்கிறார். சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். கூடவே இருந்து பணிவிடை செய்தவர். அந்த ஆசிரியரிடம் நாகூர் குலாம் காதிறு நாவலரும் படித்திருக்கிறார்; பின்னாளில் நம் பினாங்குக்கு வந்து பத்திரிகை நடத்தியவர். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை மேல் குளத்தூர்க் கோவை பாடியதும் இதே மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான். இதைப் படித்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. அப்போது ஒருத்தி கேட்டாள்: "இவ்ளோ பாசமா இருந்தவங்க ஏன் சார் ஒண்ணா உக்காந்து சாப்பிடல?"

ஐயர் பிராமணர், குரு வேளாளர். குருவின் வீட்டில் பழியாகக் கிடந்து படித்தவர், சாப்பாட்டுக்கு மட்டும் வேறு இடம் போனார். ஐயர் அதை மறைக்கவில்லை. அன்றாட ஏற்பாடாக, மழை வெயில் மாதிரி எழுதிக்கொண்டு போகிறார். அந்தக் காலம் அப்படி என்று சொல்லி மூடிவிட எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ஐயரை வக்கீல் வைத்துக் காப்பாற்றவும் வேண்டாம், கூண்டில் ஏற்றவும் வேண்டாம் என்று நினைத்தேன். பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிய அந்தப் பக்கத்தை எடுத்து, இந்தப் பக்கத்துக்கு அருகில் வைத்தேன். ஒரு புத்தகத்தில் பந்தி பிரிந்திருப்பது கதை ஓட்டத்தில் வந்துபோகும் விவரம். இன்னொன்றில் தொடாமல் தூக்கியதுதான் கதையே. அன்றைக்கு மணி பன்னிரண்டு தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. தீர்ப்பு ஒன்றும் ஆகவில்லை. கேட்டவளுக்கு நான் இன்னும் பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், நம் வீட்டில் ஏன் ஆடி மாதம் இந்தப் படையல், பெரியப்பா ஏன் வருவதில்லை என்று கேட்டால், அதெல்லாம் உனக்கு எதற்கு, போய்ப் படி என்று விரட்டாதீர்கள். படித்துக்கொண்டுதான் இருக்கிறான். சொல்ல மனமில்லாததைச் சொல்ல வேண்டியதில்லை; இது இப்போது வேண்டாம் என்று சொன்னால் போதும், அதையும் எழுதலாம். நம் நாட்டுக் குடும்பக் கதைகளை எழுதியவர்கள் மிகக் குறைவு. முத்தம்மாள் பழனிசாமி நாடு விட்டு நாடு எழுதினார். அதைத் தேடி வாசியுங்கள். தோட்டம் போய்த் தாமான் வந்தபோது, லயத்துக்கு முன்னால் இருந்த மாரியம்மன் எங்கே போனாள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பெண்ணின் வீட்டுச் சாமி மேடையில், முருகன் படத்துக்குப் பின்னால், சின்ன பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் இருந்ததாம். சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறாள், கங்கைத் தண்ணீர் என்று நினைத்திருந்தாள். வகுப்புக்காகக் கேட்டபோதுதான் பாட்டி சொன்னார்: புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் கோயிலில் பிடித்து வந்தது. பாட்டிக்கு மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. கூட வேலை செய்த ஒரு சகோதரி ஜூலைத் திருவிழாவுக்கு அழைத்துப் போயிருக்கிறார். நாலாவது தங்கியது, அவள்தான் இந்தப் பெண்ணின் அம்மா. அம்மாவுக்கே இது தெரியாது. இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு ஒற்றுப்பிழை, ஒரு லகர ளகரப் பிழை. சிவப்புப் பேனாவை எடுத்தேன், மூடிவைத்துவிட்டேன். "படிப்பினை எழுதல சார், என்ன எழுதுறதுன்னு தெரியல" என்றாள். பக்கத்தில் இருந்த கத்தோலிக்கப் பையன் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, போத்தலில் இன்னும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டான். கால் போத்தல் இருக்கிறதாம்.

என் சரித்திரத்திலிருந்து எட்டு அத்தியாயங்களை நகல் எடுத்து அந்த ஓரத்து மேசையில் வைத்திருக்கிறேன். இருபது பிரதி இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பெயர் விஷயத்தை வாசியுங்கள். பிள்ளை தூங்குவதற்கு முன்னால் அவன் பெயருக்குக் காரணம் சொல்லிவிடுங்கள். டீ ஆறுவதற்குள் கேள்விகளுக்கு வருவோம்.